ஒரே சிப்புக்கு மூன்று டிரைவர்: நகல் நிரலை எப்படிக் குறைப்பது?

லினக்ஸ் கர்னலில் என்சிஆர் 5380 என்ற ஸ்கஸி (டிஸ்க் போன்றவற்றைக் கணினியுடன் இணைக்கும் முறை) சிப்புக்கு, அதை இயக்கும் நிரலான டிரைவரின் மூன்று மையக் கோப்புகள் நீண்டகாலம் இருந்தன. பொதுவானது ஒன்று, அட்டாரி கணினிக்கு ஒன்று, சன்-3 கணினிக்கு ஒன்று. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஒன்றில் திருத்திய பிழை மற்ற இரண்டில் அப்படியே கிடந்தது. அவற்றை ஒன்றாக்கும் வேலை 2014 இறுதியில் தொடங்கி 2016 வரை நீண்டது. நகலெடுக்க ஒரு நிமிடம் போதும், பிரிக்க ஆண்டுகள் ஆகும்.

எந்த வழியில் ஒன்றாக்கலாம் என்பதற்கு முன், எது நகலாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மெமரி ஒதுக்குவது, இன்டரப்ட் (வன்பொருள் தரும் அழைப்பு) பதிவு செய்வது, தோற்றால் ஒவ்வொன்றாக விடுவிப்பது போன்ற தொடக்கச் சடங்குகள் மட்டும்தான் என்றால், டெவிஸ் போகும்போது தானே விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்களுக்கு மாறினாலே பாதி வரிகள் மறையும். அதற்காகப் புதிய அடுக்கு கட்ட வேண்டாம். சிப்பின் கட்டளை ஓட்டமும், டைம்அவுட், டேக் (கட்டளையின் அடையாள எண்), பிழை மீட்பு ஆகியவையும் நகலாகியிருந்தால்தான் கீழே உள்ள தேர்வுகள் பொருந்தும்.

இன்க்ளூட் வழி

5380 டிரைவர்கள் இன்றும் இப்படித்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சிறிய கோப்பு. அதில் ரெஜிஸ்டரை (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடம்) படிக்கும், எழுதும் மேக்ரோக்களை வரையறுத்துவிட்டு, மையச் சி மொழிக் கோப்பையே இன்க்ளூட் செய்து உள்ளிழுக்கிறார்கள். ரெஜிஸ்டர் அணுகல் நேரடியாக அந்த இடத்திலேயே விரிவதால் கூடுதல் செலவு இல்லை. டிஎம்ஏ (செயலியின்றி மெமரிக்கு நேரடியாக டேட்டா நகர்த்துவது) இல்லாமல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும் சிப்பில் இது உண்மையான ஆதாயம்.

விலையும் உண்டு. மூலத்தில் ஒன்று, பைனரியில் பல. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருப்பதால், ஸ்டாக் ட்ரேஸில் (பிழை நேர்ந்தபோதைய அழைப்பு வரிசை) மாட்யூல் பெயரையும் பார்த்தால்தான் எது விழுந்தது என்று தெரியும். மையத்தில் ஒரு வரி மாற்றினால் மெஷினுக்கொன்றான எல்லாச் சிறு கோப்புகளையும் கம்பைல் செய்து பார்த்தாக வேண்டும். அவற்றில் சிலவற்றுக்குக் வேறு செயலிக்குக் கம்பைல் செய்யும் கிராஸ் கம்பைலர் தேவை, அதைப் பலர் செய்வதில்லை. புதிதாக எழுதும் டிரைவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே சிதறியதைச் சேர்க்கும்போது நடுவழித் தங்கல் இடமாகப் பயன்படுத்தலாம்.

ஆப்ஸ் டேபிள் வழி

இஎஸ்பி ஸ்கஸி சிப்பின் டிரைவர் 2007-இல் இந்த முறையில் புதிதாக எழுதப்பட்டது. கட்டளை ஓட்டம் முழுவதும் மையத்தில் இருக்கிறது. சன், மேக் போன்ற ஒவ்வொரு முன்பக்கமும் (மெஷினுக்கான பகுதி) ஃபங்ஷன் பாயின்டர்கள் கொண்ட ஒரு சிறு அட்டவணையைத் தரும்: ஒரு பைட் படி, எழுது, இன்டரப்ட் நிற்கிறதா, டிஎம்ஏவை மீட்டமை, மிச்சத்தை வடித்துவிடு, டிஎம்ஏ கட்டளை அனுப்பு, பிழையா என்று பார். சிப் ஒன்றுதான், சுற்றியுள்ள டிஎம்ஏ எஞ்சின்தான் வேறு என்பதால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஒவ்வொரு ரெஜிஸ்டர் அணுகலும் பாயின்டர் வழி அழைப்பாகிறது. செயலிகளின் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைக்கான தடுப்புகள் வந்த 2018-க்குப் பிறகு அதன் செலவு கூடியது. ஆனாலும் பழைய ஸ்கஸியில் பஸ் வழியே ரெஜிஸ்டரைப் படிப்பதற்கே அதைவிட அதிக நேரமாகும், அதனால் தெரியாது. வேகமான எஸ்எஸ்டிகளின் என்விஎம்இயில் தெரியும். அங்கே என்ன செய்திருக்கிறார்கள் என்பதை நிதானமாகப் பார்க்கலாம். பிசிஐ, ஆர்டிஎம்ஏ, டிசிபி என்ற இணைப்பு வழிகள் (டிரான்ஸ்போர்ட்) எல்லாவற்றுக்கும் பொதுவான மையத்தில், ரெஜிஸ்டர் படிக்கும் பாயின்டர்கள் கண்ட்ரோலரை எழுப்பும் பாதையில்தான் வேலை செய்கின்றன. ஐஓ (படித்தல், எழுதுதல்) வரும் பாதையில் ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டும் தன் சொந்த ஃபங்ஷனையே வைத்திருக்கிறது. கட்டளையை நிரப்பவும் முடிவைக் கையாளவும் மட்டும் மையத்தை அழைக்கிறது. மெதுவான பாதையில் டேபிள், வேகமான பாதையில் நூலகம். நான் பார்த்த வெட்டுகளில் இதுவே சிறந்தது.

நூலக வழி

இங்கே கட்டுப்பாடு டிரைவர் கையில். வேண்டியதை எடுத்துக்கொள்ளும், பிடிக்காததை விட்டுவிடும். சாட்டா டிஸ்க் கண்ட்ரோலர்களுக்கான ஏஎச்சிஐ டிரைவரின் பொதுப்பகுதி 2010-இல் தனி நூலகமாகப் பிரிந்தது. பிசிஐ இல்லாத சிப்களும் அதைப் பயன்படுத்த முடிந்தது. என்டர்பிரைஸ் கண்ட்ரோலர்களில் எஸ்ஏஎஸ் (ஸ்கஸியின் சீரியல் வடிவம்) இணைப்பிலுள்ள டெவிஸ்களைத் தேட லிப்எஸ்ஏஎஸ் இதே வேலையைச் செய்கிறது.

ஏடிஏ டிஸ்க்குகளுக்கான லிப்ஏடிஏ நூலகம் இதிலேயே ஒரு படி மேலே போய், டேபிளுக்கு மரபுரிமை கொடுத்தது. ஒரு போர்ட்டின் ஆப்ஸ் டேபிளில் 'இன்ஹெரிட்ஸ்' என்ற புலம் தாய் டேபிளைச் சுட்டும். நீங்கள் நிரப்பாத இடங்களைத் தாய் நிரப்பும். ஹோஸ்ட் தொடங்கும்போதே சங்கிலி தட்டையாக்கப்படுவதால் ஓடும் நேரத்தில் தேடல் இல்லை. பொறி ஒன்று உண்டு: காலியாக விட்டால் 'வேண்டாம்' என்று பொருளல்ல, 'தாயிடமிருந்து எடு' என்றே பொருள். உண்மையில் வேண்டாமென்றால் அதற்கென உள்ள 'நல்' (வெறுமை) குறியீட்டை வெளிப்படையாக எழுத வேண்டும். இதைத் தவறவிட்டால் கம்பைலர் எச்சரிக்காது. தவறான ரீசெட் ஃபங்ஷன் அமைதியாக ஓடும்.

நடுவடுக்கு வழி

லினக்ஸின் ஸ்கஸி நடுவடுக்கும், விண்டோஸில் சர்வர் 2003 முதல் வந்த ஸ்டோர்போர்ட்டும் இந்த வகை. அடுக்குதான் டிரைவரை அழைக்கும், அடுக்கு சொன்னதை டிரைவர் செய்யும். பிழை மீட்புக்கு இதைவிட நல்லது இல்லை. கட்டளையை ரத்து செய், டெவிஸை ரீசெட் செய், டார்கெட்டை, பஸ்ஸை, கடைசியில் ஹோஸ்டை என்று ஏணியாக ஏறும் வரிசையை ஒவ்வொரு டிரைவரும் தனியே எழுதினால் ஒன்றாவது தவறாகவே இருக்கும்.

வன்பொருள் கொஞ்சம் விலகினால்தான் சிக்கல். ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு ஃபிளாக் சேர்ந்து, அடுக்கு கனத்துப்போகும். ஏடிஏ டிஸ்க் ஸ்கஸியே அல்ல, ஆனாலும் லிப்ஏடிஏ அந்த அடுக்கின் கீழ் உட்கார்ந்து ஸ்கஸி கட்டளைகளை மொழிபெயர்க்கிறது. மீட்பு ஏணி பொருந்தாததால் முழு உத்தியையும் தன்னுடையதால் மாற்றிக்கொள்கிறது. நடுவடுக்கு எழுதுபவர், மொத்தமாக மாற்றிக்கொள்ள இப்படி ஒரு வாசலை முதலிலேயே வைக்க வேண்டும்.

சேர்க்கும் வேலை

எந்த வழியைத் தேர்ந்தாலும் வரிசை ஒன்றே: முதலில் நகல்களை ஒரேமாதிரி ஆக்கு, பிறகு ஒன்றை நீக்கு. பெயர், இடைவெளி, ஃபங்ஷன் வரிசை மட்டும் மாறும் பேட்ச்களில் (நிரல் மாற்றங்கள்), முன்னும் பின்னும் கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்பைப் பிரித்து ஒப்பிடுங்கள். கர்னல் மூலத்தில் ஆப்ஜ்டிஃப் ஸ்கிரிப்ட் அதற்காகவே உள்ளது. எச்சரிக்கை மேக்ரோக்களில் பதியும் வரி எண்கள் மட்டும் மாறலாம், வேறெதுவும் மாறக்கூடாது.

அதன்பின் மிஞ்சும் ஒவ்வொரு வேறுபாட்டையும் வரலாற்றில் தேடி, வன்பொருள் குறையா, ஒரு பக்கம் மட்டும் விழுந்த திருத்தமா, வெறும் தற்செயலா என்று தரம் பிரிக்க வேண்டும். இங்கேதான் அவசரம் டேட்டாவைக் கெடுக்கும். பழைய ஏடிஏ இணைப்பான ஐடிஇயின் டிஎம்ஏ அட்டவணையில் ஒரு பதிவின் உச்சம் 64 கேபி, அதை நீளப்புலத்தில் பூஜ்யம் என்று எழுதுவார்கள். சில கண்ட்ரோலர்கள் அந்தப் பூஜ்யத்தை ஏற்பதில்லை. அவற்றுக்காக லிப்ஏடிஏவில் 32 கேபி ஆகப் பிளக்கும் தனி வடிவம் இருக்கிறது. நகல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்தப் பிளப்பு தேவையற்றதாகவே தோன்றும்.

ஒரு நகல் லாக்கைப் பிடித்தபடி முடிவை அறிவித்து, இன்னொன்று விட்டுவிட்டு அறிவித்திருந்தால், சேர்த்தபின் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) வரும். லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பை இயக்கியே சோதியுங்கள். எக்ஸ்86-இல் மட்டும் ஓடிய நகலில் மெமரி அணுகல் வரிசையைக் காக்கும் பேரியர் விடுபட்டிருக்கலாம், ஆர்ம் மெஷினில் அது எப்போதோ ஒருமுறை வெடிக்கும். எண்டியன் (பைட் வரிசை) தவறுகளை ஸ்பார்ஸ் என்ற நிரல் சரிபார்ப்புக் கருவி பிடித்துக்கொடுக்கும்.

கணினியையே போலிசெய்யும் குவெமு மென்பொருள் ஏஎச்சிஐ, என்விஎம்இ, இஎஸ்பி வகை சிப்களைப் போலிசெய்யும். அதில் எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியைச் சரிபார்ப்பு இயக்கத்தில் ஓட்டலாம். போலி டிஸ்க்கைத் தரும் ஸ்கஸி டீபக் தானே ஒரு டிரைவர் என்பதால் அது நடுவடுக்கைச் சோதிக்கும், உங்கள் டிரைவரை அல்ல. உங்கள் மீட்புப் பாதையை இயக்க, பிளாக் அடுக்கின் டைம்அவுட் பிழைப் புகுத்தலைப் பயன்படுத்துங்கள். ஒரு பேட்சுக்கு ஒரு முன்பக்கம் மட்டும் மாற்றினால்தான், பிழை நுழைந்த பேட்சைத் தேடும் பைசெக்ட் பயன்படும்.

பழைய கோப்பை அழிக்கும் நாளையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். லிப்ஏடிஏ 2003-இல் வந்தது, பழைய ஐடிஇ அடைவு 2021-இல் 5.14 பதிப்பில்தான் நீங்கியது. சில 68கே (பழைய மோட்டோரோலா செயலி) மெஷின்களின் டிரைவர்கள் புதிய பக்கம் வராதவரை பழையதைத் தூக்க முடியவில்லை. இடைப்பட்ட 18 ஆண்டுகளும் இரண்டு முழு அடுக்குகளையும் பராமரிக்க வேண்டியிருந்தது.