ஸ்பின், மூன்று வருடத்துக்குப் பிறகு: எல்லாம் சரி, அந்த 'டைம்அவுட்' ஒன்றைத் தவிர

மதுரை இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, சுங்குடிக் கடை சைட்டுக்குக் கூரியர் சர்வீஸ மாத்துறோம். பழைய ஏபிஐ, புது ஏபிஐ ரெண்டு டாக்குமெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாச்சு, ஃபீல்டு எல்லாம் ஒத்துப்போகுது. இதுக்கு மேல ஸ்பின் கிஸ்பின்னு எதாச்சும் ஓட்டணுமா?"

ஸ்பின் என்பது, ஒன்றோடொன்று பேசும் நிரல்கள் எந்த வரிசையில் ஓடினால் தப்பு நேரும் என்று தேடிப் பார்க்கும் கருவி. ஃபீல்டு ஒத்துப்போவது பாதிக் கதைகூட இல்லை. ஏபிஐயை (இரண்டு மென்பொருள் பேசிக்கொள்ளும் வாசல்) விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ ஆகட்டும், அதற்கு முந்தைய டபிள்யூஎஸ்டிஎல் ஆகட்டும், எந்தச் செய்திக்கு என்ன வடிவம் என்று சொல்லும். எந்தச் செய்திக்குப் பின் எது வரலாம், எது வரவே கூடாது என்பதைப் பற்றி மூச்சு விடாது. ஒரு சேவையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும்போது உடைவது பெரும்பாலும் அந்த வரிசைதான். வரிசையையும் சேர்த்து எழுதத்தான் பீபெல் என்ற மொழி வந்தது. ஐபிஎம்மின் டபிள்யூஎஸ்எஃப்எல்லும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்லாங்கும் கலந்து பிறந்தது அது, 2.0 பதிப்பு 2007 ஏப்ரலில் ஓயாசிஸ் அமைப்பின் தரமானது. இன்று புதிதாக அதில் எழுதுகிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் அது தீர்க்க வந்த சிக்கல் வெப்ஹூக் (நடந்ததைத் தானாகச் சொல்லியனுப்பும் அழைப்பு) வேடத்தில் அப்படியே இருக்கிறது.

இந்த வேலைக்கு மூன்று வருடமாக ஸ்பின் ஓடுகிறது. ஜெரார்ட் ஹோல்ஸ்மான் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது, 1991 முதல் இலவசம், கணினித் துறைச் சங்கமான ஏசிஎம்மின் 2001-க்கான மென்பொருள் அமைப்பு விருது வாங்கியது. உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். ப்ரொமேலா மொழியில் மாதிரி எழுதினால், அதிலிருந்து 'பான்' என்ற சி நிரலை உண்டாக்கித் தரும்; அதை கம்பைல் செய்து ஓட்டினால் சாத்தியமான எல்லா ஓட்டங்களையும் தேடிப் பார்க்கும். நாலு ஜிபி லேப்டாப் போதும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாமல் கடிபடும் இடத்துக்கு வருவோம்.

மாதிரி சின்னதுதான். 'கடை', 'கூரியர்' என்று இரண்டு ப்ராசஸ் (தனித்தனியாக ஓடும் நிரல்துண்டுகள்). நடுவில் செய்தி போக இரண்டு சேனல்: 'கூரியருக்கு', 'கடைக்கு'. கடை 'பதிவு' அனுப்பும். பழைய கூரியர் உடனே 'எண்' (பார்சலின் பதிவு எண்) அல்லது 'மறுப்பு' தரும். எண் கொடுத்த பிறகும் வண்டி ஏறும்வரை 'ரத்து' வாங்கிக்கொள்ளும். புதுக் கூரியர் முதலில் 'ஏற்பு' என்று ஒன்று அனுப்பும், பிறகு சாவகாசமாக எண். எண் போட்டுவிட்டால் அதோடு அவர் கதவு சாத்தியாச்சு, ரத்து செல்லாது. பதில் வரத் தாமதமானால் கடை ரத்து அனுப்பிவிட்டு, வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பும்.

மாற்றுச் சேவைக்கான பொது விதி, வாங்குவதில் தாராளம், கொடுப்பதில் சிக்கனம். புதியவர் பழையவரைவிட அதிகச் செய்திகளை ஏற்கலாம், குறைவான வகைகளில் பதில் தரலாம். தலைகீழாகப் போனால் மாற்று இல்லை. டி அல்ஃபாரோ, ஹென்சிங்கர் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் எழுதிய இன்டர்ஃபேஸ் ஆட்டோமேட்டா என்ற கோட்பாட்டின் சாரம் இதுதான். நம் புதுக் கூரியர் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்: கூடுதலாக ஓர் ஏற்பு தருகிறார், எண்ணுக்குப் பிறகு ரத்தை வாங்க மறுக்கிறார்.

ஏற்பு விவகாரத்தில் ஸ்பின் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். சேனல் கொள்ளளவு (ஒரு நேரத்தில் தங்கும் செய்திகள்) 1 என்றால், கடைக்குத் தெரியாத ஏற்பு சேனலின் தலையில் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் எண் நுழைய இடமில்லை, கூரியர் மாட்டிக்கொள்வார். 'தவறான முடிவு நிலை' என்று பான் உடனே கத்தும். கொள்ளளவை 2 ஆக்குங்கள். ஏற்பு, எண் இரண்டும் சேனலில் விழும், கூரியர் ப்ராசஸ் வீட்டுக்குப் போய்விடும், கடையும் காத்துப் பார்த்து ரத்து அனுப்பி முடித்துக்கொள்ளும், பான் 'பிழை 0' என்கிறது! காரணம், ப்ராசஸ் எல்லாம் முடிந்ததா, அல்லது 'இங்கே நின்றாலும் சரி' என்று குறிக்கும் 'எண்ட்' லேபிள் போட்ட இடத்தில் நிற்கிறதா என்றுதான் அது பார்க்கும். சேனலில் கேட்பாரற்றுக் கிடக்கும் செய்தியைப் பார்க்காது. பார்க்கவைக்க பானை ஓட்டும் கட்டளையில் மைனஸ் க்யூ (-q) என்று சேர்க்க வேண்டும். சேவைகளைக் கோப்பவருக்கு இது இயல்பாகவே இயங்கியிருக்க வேண்டிய ஒன்று. அனாதைச் செய்தி என்றால் யாரோ ஒருவரின் ரத்து, யாரோ ஒருவரின் பணம்.

கொள்ளளவை 0, 1, 2 என்று மூன்று தடவை ஓட்டுவது நல்லது. 0 என்றால் இருவரும் நேருக்கு நேர் கைமாற்ற வேண்டும். கீழமாசி வீதிச் சந்துக்குள் எதிரெதிரே நுழைந்த லோடு ஆட்டோக்கள் மாதிரி, டெட்லாக் பளிச்சென்று தெரியும். நிஜத்தில் நடப்பது 1, 2 மாதிரி. எல்லையில்லாத சேனல் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். வரம்பற்ற வரிசைகளால் பேசும் இரண்டு இயந்திரங்களுக்கே இந்தக் கேள்விகளுக்குப் பொதுவான தீர்வு கிடையாது என்று பிராண்ட், ஸாஃபிரோபுலோ என்ற ஆய்வாளர்கள் 1983-லேயே காட்டிவிட்டார்கள்.

சரி, ஏற்பை வாங்கிக் கீழே போட ஒரு வரி சேர்த்தாச்சு. எரிச்சல் இங்கேதான் ஆரம்பம்.

கடையின் 'இஃப்' கட்டத்தில், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற கிளைக்கு யாராக இருந்தாலும் 'டைம்அவுட்' என்றுதான் எழுதுவார்கள். சொல்லே மொழியில் இருக்கிறதே! ஆனால் ப்ரொமேலாவின் டைம்அவுட்டுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. மொத்த மாதிரியிலும் வேறு எந்த ப்ராசஸாலும் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாதபோது மட்டும் அது உண்மையாகும். ஊரே அடங்கிய பிறகுதான் இந்த அலாரம் அடிக்கும். கூரியரால் எண் அனுப்ப முடியும் என்கிற நிலை இருக்கும்வரை டைம்அவுட் கிளைக்குள் தேடல் நுழையாது. ஆகவே கடை ரத்து அனுப்பும் காட்சியே பரிசோதனையில் வராது. பிழை 0. புதுக் கூரியருக்குச் சான்றிதழ்.

நிஜ உலகில் முப்பது வினாடி டைமர், பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அடிக்கும். ஆபத்து முழுக்க அந்த இடைவெளியில்தான். அதைச் சரியாக மறைத்துவைக்கிற சொல்லுக்கு டைம்அவுட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. கருவியின் அப்போதைய தேவைக்கு, அதாவது எல்லாம் நின்றுபோனால் நெறிமுறை எப்படி மீள்கிறது என்று பார்ப்பதற்கு, அது நியாயமான வரையறையும்கூட. ஆனாலும் பெயர், பெயர்!

பிடிபடும் வழி ஒன்று உண்டு. பான் வெளியீட்டின் கடைசியில், 'எட்டப்படாதவை' என்று ப்ராசஸ் வாரியாக வரி எண்கள் வரும். பலரும் பிழை எண்ணிக்கையைப் பார்த்த கையோடு திரையை மூடிவிடுவார்கள். உங்கள் டைம்அவுட் கிளையின் வரி எண் அந்தப் பட்டியலில் இருந்தால், ஓட்டிய பரிசோதனைக்கு மதிப்பில்லை.

மருந்து எளிது: டைம்அவுட்டை அழித்துவிட்டு 'ட்ரூ' என்று போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் பொறுமை போகலாம் என்று பொருள். நேரத்தை அளக்க வேண்டியதில்லை. எந்த நொடியில் அடித்தாலும் சரியா என்பதுதான் கேள்வி. கொள்ளளவு 1, மைனஸ் க்யூவோடு ஓட்டினால், பிழைக்கு இட்டுச்செல்லும் படிகளாக வரும் தடம் ('!' அனுப்புவது, '?' வாங்குவது):

1. கடை: கூரியருக்கு ! பதிவு
2. கூரியர்: கூரியருக்கு ? பதிவு
3. கூரியர்: கடைக்கு ! ஏற்பு
4. கடை: கடைக்கு ? ஏற்பு
5. கடை: ட்ரூ
6. கூரியர்: கடைக்கு ! எண் (ப்ராசஸ் முடிந்தது)
7. கடை: கூரியருக்கு ! ரத்து
8. கடை: பணம் திருப்பியாச்சு
9. கடை: கடைக்கு ? எண் (வாங்கிக் கீழே போட்டது)

மிச்சம்: 'கூரியருக்கு' சேனலில் எடுக்க ஆளில்லாத ஒரு ரத்து. சேலை வண்டியில், பணம் வாடிக்கையாளர் கணக்கில். டாக்குமெண்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. கைக்கு வந்தபடி எழுதிய டெஸ்ட் கேஸிலும் வராது, ஏனென்றால் 5, 6, 7 அந்த வரிசையில் விழ வேண்டும். இந்த ஒன்பது வரிக்காகத்தான் மூன்று வருடமாக இந்தக் கருவியைத் திட்டிக்கொண்டே கட்டி அழுவது. தடம் ஒவ்வொரு முறையும் இவ்வளவு சின்னதாக வராது என்பதையும் சொல்ல வேண்டும். பான் ஆழம் பார்த்துத் தேடுவதால் முதலில் கிடைப்பது நீளமாக வளைந்து வரும்; டி-ரீச் (-DREACH) போட்டு கம்பைல் செய்து, பானுக்கு மைனஸ் ஐ (-i) கொடுத்தால் சுருங்கும்.

ஒன்பதாவது வரியில் கடை எண்ணை வாங்கிக் கீழே போடுவது சும்மா இல்லை. பழைய கூரியரோடு ஓட்டும்போதும் தாமதமாக வந்த எண் சேனலில் மிஞ்சும். ரத்து அங்கே செல்லுபடியாவதால் அது பாவமில்லாத மிச்சம், ஆனால் மைனஸ் க்யூ அதற்கும் கத்தும். கடையின் கடைசியில் எண்ட் லேபிளோடு ஒரு வடிகால் லூப் வைத்தால், பழையது தேறும், புதியது மட்டும் மாட்டும்.

திருத்தம் கடை பக்கம்: ரத்து அனுப்பியதும் பணத்தைத் திருப்பாமல், 'ரத்தானது' அல்லது எண், இரண்டில் ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ரத்தானது வந்தால் மட்டுமே பணம். எண் வந்தால் சேலை போய்விட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கூரியர் தரப்பில் ரத்துக்குப் பதிலே கிடையாது என்றால் இடையில் ஒரு அடாப்டர் (இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்கும் நிரல்) எழுதி, நிலையைக் கேட்டுக் கேட்டுப் பதிலை உண்டாக்க வேண்டும். யெலின், ஸ்ட்ராம் என்ற ஆய்வாளர்கள் 1997-லேயே இதற்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். 'செய்ததை இன்னொரு செயலால் ஈடுகட்டு' என்கிற சாகா உத்தி அதற்கும் பத்து வருடம் மூத்தது, 1987. சாகாவைப் பற்றி நெட்டில் படித்துவிட்டு இறங்குகிறவர்கள், ஈடுகட்டும் செயலே தோற்கலாம் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வேறு சில முட்கள். ப்ரொமேலா சேனல் நல்ல பிள்ளை: எதையும் தொலைக்காது, இரட்டிக்காது, வரிசை மாற்றாது. நம் வெப்ஹூக் மூன்றையும் செய்யும். இரட்டிப்பைப் பார்க்க, இடையில் செய்தியை வாங்கி ஒரு தடவையோ இரண்டு தடவையோ முன்னே தள்ளும் திருட்டுத் தபால்காரர் ப்ராசஸ் ஒன்று போதும், பத்து வரி. வரிசை மாற்றத்துக்கு, ஒற்றைக் கேள்விக்குறிக்குப் பதில் இரட்டைக் கேள்விக்குறி. சேனலில் எங்கிருந்தாலும் பொருந்துவதை எடுக்கும். தொலைப்புக்கு ஸ்பினுக்கு மைனஸ் எம், சேனல் நிறைந்திருந்தால் செய்தி காணாமல் போகும். அதே மைனஸ் எம்மை பானுக்குக் கொடுத்தால் தேடல் ஆழ வரம்பு! ஒரே எழுத்து, ஒரே கருவியின் இரண்டு பாதிகளில் இரண்டு பொருள். ஆழ வரம்பு தானாக 10,000. 'ஆழம் போதவில்லை' என்ற எச்சரிக்கையோடு வரும் பிழை 0-ஐ நம்பக் கூடாது.

'பிழை 0' எனும்போது எதற்கு 0 என்பதும் முக்கியம். இந்தக் கடைக்கு இந்தக் கூரியர் சரி, அவ்வளவுதான். பழைய கூரியரோடு வேலை செய்த எந்தக் கடைக்கும் புதியவர் சரியா என்பது வேறு கேள்வி, ஸ்பின் அதைத் தொடாது. அதற்கு சிஎஸ்பி என்ற குறிமொழியில் எழுதி, எஃப்டிஆர் என்ற கருவியில் ஃபெயிலியர்ஸ் ஒப்பீடு (எதைச் செய்யும், எதை மறுக்கும் என்ற ஒப்பீடு) செய்யலாம். ஆனால் அங்கே கூடுதலாக வாங்கும் செய்தியும் குற்றமாகத் தெரியும், புதிய செய்திகளை, எதுவுமே செய்யாத 'ஸ்டாப்' ப்ராசஸோடு கோத்து அடைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பெட்ரி வலை (நிலைமாற்றங்களைப் படமாக வரையும் முறை) ஆட்களின் ஆபரேட்டிங் கைட்லைன்ஸ் இதே கேள்விக்கென்றே பிறந்தது: ஒரு சேவையோடு ஒத்துப்போகும் எல்லாக் கூட்டாளிகளையும் ஒரே படத்தில் அடக்கும். படிக்க அழகு. ஒரே கடை, ஒரே கூரியர் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

தொகையை ஒருவர் ரூபாயில் கேட்கிறாரா, பைசாவில் கேட்கிறாரா என்பதை இவற்றில் எதுவும் கண்டுகொள்ளாது. மாதிரிக்குள் வெறும் பெயர்கள்தான் ஓடுகின்றன. நூறு மடங்கு பணம் திருப்பும் பிழைக்குப் பழைய பாணி டெஸ்ட்தான் கதி.

நாலு நட்சத்திரம் போடத்தான் உட்கார்ந்தது. எழுத எழுத அந்தச் சொல்லின் மேல் கோபம் ஏறி இரண்டில் வந்து நிற்கிறது. எனவே தம்பிக்கு: தீபாவளி ஆர்டர் நெருங்கும் நேரத்தில் இதைக் கற்றுக்கொள்ள உட்காராதே. டைம்அவுட் என்று எழுதி, பிழை 0 பார்த்து, நிம்மதியாகத் தூங்கப் போவாய். அதற்கு ஓட்டாமலே இருப்பது மேல், பயமாவது மிஞ்சும். இப்போதைக்குப் புதுக் கூரியர்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "எண் கொடுத்த பிறகு ரத்து வந்தா என்ன பதில் அனுப்புவீங்க?" 409 ('முரண்' என்று சொல்லும் வெப் பதில் எண்) என்றோ, வேறு ஏதாவது ஒரு கோடு என்றோ சொன்னால் பேச்சை மேலே கொண்டுபோ. "அதெல்லாம் மெயில்ல சொல்லிருவோம் சார்" என்றால் பழைய கூரியரிலேயே இரு.