பெரிய எண்களின் பண்புகளைக் கூறும் இணையச் சேவை: ஒரு மதிப்பீடு

ஒரு முழு எண்ணை உள்ளிட்டால் அதன் பகா காரணிகள், காரணிகளின் எண்ணிக்கை, அவற்றின் கூடுதல், இரும வடிவம் ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் இலவச இணையச் சேவை ஒன்றைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விடை முன்பே தெரிந்த எண்களைக் கொடுத்துத்தான் அதைச் சோதித்தேன்.

முதலில் கொடுத்தது 73513440. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இதற்குள்ள அளவு காரணிகள் இல்லை. இராமானுசன் 1915இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தது இவ்வகை எண்களைத்தான். 2-இன் ஐந்தாம் அடுக்கு, 3-இன் மூன்றாம் அடுக்கு, பிறகு 5, 7, 11, 13, 17 ஒவ்வொரு முறை எனப் பகா காரணிகள் சரியாக வந்தன. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் கிடைக்கும் 768 காரணிகளையும், பெருக்கினால் மூல எண்ணைத் தரும் 384 இணைகளாக அடுக்கிக் காட்டியிருந்தது மிகவும் பிடித்திருந்தது. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் 292269600, அதாவது எண்ணின் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு, என்பதையும் அது பிழையின்றிச் சொன்னது.

அடுத்த சோதனை கடினமானது. ஓர் எண் பகா எண்ணா என்பதை, அடிகள் எனப்படும் சில சிறு எண்களைக் கொண்டு விரைவாகச் சோதிப்பது மில்லர்–ராபின் சோதனை. 2, 3, 5, 7 ஆகியவற்றை அடிகளாகக் கொண்டு அதை நடத்தினால் 3215031751 பகா எண்ணைப் போலவே தேறிவிடும். 2500 கோடிக்குள் இந்த நான்கு அடிகளையும் ஏமாற்றும் பகு எண் இது ஒன்றே. சேவை ஏமாறவில்லை, 151 × 751 × 28351 என்று உடனே பிரித்துக் காட்டியது.

இவ்வளவு நம்பிக்கை ஏற்பட்ட பிறகுதான் 9007199254740993 என்ற எண்ணைக் கொடுத்தேன். பக்கத்தின் தலைப்பில் எண் 3-இல் முடிவது தெளிவாகத் தெரிய, அதற்கு நேர் கீழே "இரட்டை எண்" என்றும், ஒரே பகா காரணி 2 என்றும், மொத்தக் காரணிகள் 54 என்றும் எழுதியிருந்தது. இலக்கங்களைக் கூட்டினால் 78 வருகிறது. ஆகவே இது 3-ஆல் வகுபடும் ஒற்றை எண் என்பதைப் பள்ளி மாணவரும் கண்டுகொள்வார். எண்ணை 53 இரும இலக்கத் துல்லியமுள்ள மிதவைப் புள்ளி எண்ணாக (முன்னணி இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கணினி வடிவமாக) சேமித்தால், 2-இன் 53ஆம் அடுக்கான 9007199254740992-க்கு மேலுள்ள ஒற்றை எண்கள் அருகிலுள்ள இரட்டை எண்ணாக மாறிவிடுகின்றன. நான் கேட்டது ஓர் எண். அது ஆராய்ந்தது அதற்கு முந்தைய எண்.

1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிப்படுத்திக் காட்டிய 147573952589676412927-க்கும் இதே கதிதான். 193707721 × 761838257287 என்று வரவேண்டிய இடத்தில், அதைவிட ஒன்று அதிகமான 2-இன் 67ஆம் அடுக்கு என்று வந்தது.

காரணிப்படுத்த நேரம் போதவில்லை என்று சொல்லியிருந்தால் வருந்தியிருக்க மாட்டேன், ஏனெனில் பெரிய எண்களைப் பிரிப்பது இயல்பிலேயே கடினம். முழு எண்களின் பண்புகளுக்கென்றே அமைந்த சேவை கடைசி இலக்கத்தை எச்சரிக்கையின்றி மாற்றுவதை ஏற்க முடியவில்லை. எவ்வளவு நீளமான எண்ணையும் துண்டு துண்டாகச் சேமித்துத் துல்லியமாகக் கணக்கிடும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வரை, 15 இலக்கங்களுக்கு உட்பட்ட எண்களுக்கு மட்டுமே இச்சேவையைப் பரிந்துரைப்பேன்.