பெரம்பூரில் வாங்கிய நூல் செபமாலை: எட்டு மாதம் கழித்து

பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாளுக்குப் பெரம்பூர் கோயிலுக்குப் போனபோது வெளியே ஒரு தள்ளுவண்டியில் வாங்கியது. விலை 60 ரூபாய். அதற்கு முன்னால் வேறொரு கடையில் 250 ரூபாய் கொடுத்து வாங்கிய கம்பிச் செபமாலை மூன்றே மாதத்தில் வளையம் விரிந்து, சட்டைப் பைக்குள் இரண்டு துண்டாகக் கிடந்தது, போய்க் கேட்டால் "நீங்க இழுத்திருப்பீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இதில் கம்பியே கிடையாது. நைலான் நூல், மணிக்கு மணி ஒரு முடிச்சு. 59 மணியும் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணிவிட்டுத்தான் காசு கொடுத்தேன், நீங்களும் எண்ணுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது பெரிய மணிக்கு முன்னும் பின்னும் விட்டிருக்கும் இடைவெளி. கண்ணை மூடியிருந்தாலும், கை பைக்குள்ளேயே இருந்தாலும், பத்துச் சின்ன மணி முடிந்து, பெரிய மணிக்கான பரலோக மந்திரம் வருகிறது என்று விரல் சொல்லிவிடும்.

வீட்டில் இரவு எட்டு மணிக்குச் செபம் என்று பல வருடம் முயன்றும் ஒரு வாரம்கூடத் தொடர்ந்து நடந்ததில்லை, யாராவது வருவார்கள், இல்லையென்றால் தண்ணீர் வரும். இப்போது காலையில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் சிலுவை அடையாளம். சென்ட்ரல் வருவதற்குள், பத்துச் சின்ன மணி கொண்ட ஐந்து பத்தும் முடிந்துவிடும். மணி உருட்டும்போது தியானிக்க இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகள், அதாவது மறைபொருள்கள், நாளுக்கு ஒரு வகை: திங்கள் மகிழ்ச்சி, செவ்வாய் துயரம், புதன் மகிமை, வியாழன் ஒளி. இந்த ஒளியின் மறைபொருள்கள் 2002-ல் போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை, ஆயா காலத்தில் கிடையாது, அதனால் அதில் வரும், இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தை மணி உருட்டித் தியானிப்பது எனக்கே புதிதாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது ஒரே ஒரு பத்து, அப்பாவுக்காக. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, இந்த எட்டு மாதமாகத்தான் அவரைத் தினமும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கிறேன்.

குறையும் உண்டு. நீலச் சாயம் முதல் இரண்டு வாரம் வேர்வையில் இறங்கி வெள்ளைச் சட்டைப் பையைக் கறையாக்கியது. உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்த பிறகு நின்றுவிட்டது, அதை முடித்துவிட்டு அப்புறம் சாமியாரிடம் மந்திரிக்கக் கொடுங்கள். சிலுவை வெறும் பிளாஸ்டிக், ஓரம் கொஞ்சம் குத்தும். அம்மாவுக்கு விரல் மடங்காது, இந்தச் சின்ன மணி அவருக்குச் சரிவரவில்லை. அதே வண்டியில் கொட்டைப்பாக்கு அளவு மர மணியிலும் தொங்கவிட்டிருந்தார்கள், அடுத்த முறை அவருக்கு அதுதான்.