மெயில் கோப்பு இளைத்து வந்தால் சந்தோஷப்படாதீர்கள்

பன்னிரண்டு வருட அவுட்லுக் மெயில்கள் என்னிடம் ஒரே பிஎஸ்டி (அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக இருந்தன. அளவு 14 ஜிபி. தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளுக்கு மாற நினைத்து, பிஎஸ்டியை எம்பாக்ஸ் என்ற பொதுவான மெயில் கோப்பு வடிவத்துக்கு மாற்றித் தரும் ஒரு சேவையிடம் பணம் கட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் வேலை முடிந்து வந்தது, வெறும் 5 ஜிபியாக. எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷியில்தான் பழைய பிஎஸ்டியை அழித்தேன்.

சந்தேகமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டேன். பிஎஸ்டிக்குள் இருந்த காலியிடம் போய்விட்டது, டூப்ளிகேட் மெயில்களையும் நீக்கிவிட்டோம் என்றார்கள். சாட்சியாக ஒரு பட்டியல் வேறு: ஒவ்வொரு ஃபோல்டரிலும் மெயில் எண்ணிக்கை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றே. டூப்ளிகேட்டை நீக்கியிருந்தால் எண்ணிக்கை எப்படிக் குறையாமல் இருக்கும்? இந்தச் சின்னக் கேள்வி எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு பழைய ஒப்பந்தத்தின் ஸ்கேன் பிரதியைத் தேடி மெயிலைத் திறந்தால், 'இணைப்பைப் பார்க்கவும்' என்று இருக்கிறது, இணைப்பைக் காணோம். துழாவிப் பார்த்ததில் 1 எம்பிக்கு மேற்பட்ட அட்டாச்மென்ட் ஒன்றுகூட வரவில்லை. பெரிய அட்டாச்மென்ட்கள் வேறு பிளானில்தான் வருமாம். சரி, அதற்கும் கட்டித் தொலைக்கிறேன் என்றால், நான் ஏற்றிய கோப்பை 30 நாளில் அழித்துவிட்டார்களாம்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பிஎஸ்டி அட்டாச்மென்ட்டை உள்ளபடியே, மூலக் கோப்பின் பைட்டுகளாகவே (பைனரியாக) வைத்துக்கொள்கிறது. எம்பாக்ஸும், மெயிலுக்கு ஒரு கோப்பாக வைக்கும் இஎம்எல் வடிவமும் அதை மெயில் பயணம் செய்யும் வடிவத்திலேயே, அதாவது பேஸ்64 என்ற முறையில் சாதாரண எழுத்துகளாக மாற்றி, எழுதி வைக்கின்றன. அதில் 3 பைட் 4 எழுத்தாகிறது. 76 எழுத்துக்கு ஒரு வரி முறிவையும் சேர்த்தால் அட்டாச்மென்ட் சுமார் 37 சதவீதம் பெருத்துவிடும். ஆக, அட்டாச்மென்ட் நிறைந்த என் கோப்பு வீங்கி வந்திருக்க வேண்டும்.

அவர்கள் சொன்ன காலியிடக் கதை முழுப்பொய் இல்லை, அதனால்தான் ஏமாந்தேன். மெயிலை அழித்தாலும் பிஎஸ்டி உடனே சுருங்குவதில்லை, அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டே இருக்கும். அவுட்லுக்கின் டேட்டா ஃபைல்ஸ் அமைப்பில் 'காம்பாக்ட் நவ்' கொடுத்துவிட்டு வரும் அளவுதான் நிஜ அளவு. மாற்றக் கொடுப்பதற்கு முன் நான் அதைக் குறித்து வைத்திருந்தால் பேச்சே வேறு. வெறும் எழுத்து மட்டுமே உள்ள மெயில்கள் கொஞ்சம் இளைக்கலாம் என்பதும் உண்மை. பிஎஸ்டி ஓர் ஆங்கில எழுத்துக்கு 2 பைட் எடுக்கிறது, மாற்றிய மெயில்களில் வழக்கமாக வரும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீடு ஒன்றே ஒன்று. தமிழில் இது தலைகீழ்: 'அ' அங்கே 2 பைட், இங்கே 3. மெயிலில் எழுத்தை அனுப்பப் பயன்படும் கோட்டட்-பிரின்டபிள் என்ற இன்னொரு முறையில் எழுதினால் அதே 'அ' 9 பைட்! ஆனால் எழுத்து என்ன எழுத்து, 9 ஜிபியை விழுங்குகிற அளவுக்கு என்னிடம் எழுத்து இல்லை.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இரண்டு வருடம் பழைய நகல் கிடைத்தது. 11 ஜிபி. காம்பாக்ட் செய்ததும் 9.5. ரீட்பிஎஸ்டி என்ற இலவசக் கருவியால் நானே மாற்றினேன், 12.4 ஜிபி வந்தது. இவ்வளவுதான் வேலை.

எண்ணிக்கைப் பட்டியலை யாராவது நீட்டினால் வாங்கி ஓரமாக வையுங்கள். மெயில்களை அளவு வாரியாக அடுக்கி, மேலே வரும் இருபதைத் திறந்து அட்டாச்மென்ட் திறக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் மூலக் கோப்பைத் தொடாதீர்கள். இஎம்எல்லாகத் தந்தால் அளவைப் பார்க்கும்போது இன்னொரு குழப்பம்: மெயிலுக்கு ஒரு கோப்பு என்பதால் சின்ன மெயில்கூட வட்டில் பெரும்பாலும் 4 கேபி பிடிக்கும். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பதை விட்டுவிட்டு 'சைஸ்' என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசி இரண்டு வருட அட்டாச்மென்ட்களுக்காக அனுப்பியவர்களிடமே ஒவ்வொருவராகத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஒப்பந்தம் இன்னும் வரவில்லை.