காட்டன்வுட் நிழலும் அடைத்துப்போன ஏசியும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் புது வீடு வாங்கியிருக்கும் நண்பர், மேற்கு வெயில் தாங்கவில்லை, நிழலுக்குக் காட்டன்வுட் மரம் வைக்கலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டு மேற்குப் பக்கத்திலும் அதுதான் நிற்கிறது. அதன் பஞ்சு அடைத்த ஏசிக்கு இந்த ஜூனில்தான் தண்டம் அழுதேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கான்சஸ் 1937இல் இதைத் தன் மாநில மரமாக அறிவித்தது சும்மா இல்லை. காற்றும் வெயிலும் வாட்டும் இந்தச் சமவெளியில் இவ்வளவு வேகமாக நிழல் தரும் மரம் அபூர்வம். இளம் மரம் நல்ல ஈரம் கிடைத்தால் வருடத்துக்கு ஆறடிகூட வளரும். அதே சமயத்தில் ஓக் வைத்த பக்கத்து வீட்டாருக்கு இன்னும் ஒரு நாற்காலி போடும் அளவுக்குக்கூட நிழல் விழவில்லை. குளிர்காலத்தில் இலை உதிர்வதால் வெயில் தாராளமாக வீட்டுக்குள் வருகிறது.

அப்புறம் அந்தச் சத்தம். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் லேசான காற்றுக்கே மரம் முழுக்கச் சலசலக்கும். அரசமரத்தடியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். ஊரிலிருந்து வந்த அம்மா பகல் முழுவதும் அங்கேதான் இருந்தார்.

இனி பஞ்சு. காட்டன்வுட்டில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பெண் மரம்தான் விதையோடு பஞ்சைப் பறக்கவிடும். பஞ்சு வராத ஆண் மரம் என்று சொல்லித்தான் நர்சரியில் விற்றார்கள். பூக்கும் வயது வரும்வரை கன்றைப் பார்த்து யாராலும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பூத்தது, பெண் மரம்! இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவரிடம் இப்படியா விற்பது? ஆண் மரமேதான் வேண்டும் என்றால் சூலேண்ட் போல, ஆண் மரத்துக் குச்சியிலிருந்து வளர்த்த வகையைப் பெயர் கேட்டு வாங்க வேண்டும்.

மே கடைசியில் பஞ்சு பறக்கத் தொடங்கும். ஏசி முழு மூச்சாக ஓடத் தொடங்குவதும் அப்போதுதான். வெளி யூனிட் காற்றை இழுக்கும்போது பஞ்சையும் சேர்த்து இழுத்துத் தகடுகளில் அப்பிக்கொள்கிறது. சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் திணறி நின்றுவிட்டது. வெயிலைத் தடுக்க வைத்த மரமே ஏசியை நிறுத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வாரங்களில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை மிதமாக, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவுகிறேன். மறுநாளே திரும்பவும் பஞ்சு.

தும்மலுக்கும் பஞ்சுதான் காரணம் என்று பலர் திட்டுகிறார்கள். அது சரியில்லை. அதே நாட்களில் பறக்கும் புல் மகரந்தம்தான் பெரும்பாலும் காரணம். அந்தப் பழியை மரத்தின் மேல் போட மாட்டேன்.

கட்டை வலுவில்லாதது, புயல் காற்றில் கிளை முறியும். வேர் ஈரம் தேடிக் கழிவுநீர்க் குழாய்க்குள் நுழையும். சிறிய மனைக்கு ஏற்ற மரமே அல்ல.

அதனால் நண்பரே, வைக்காதீர்கள். உங்கள் கொல்லை சிறியது, ஏசியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஓக் மரத்தில் ஒரு வகையான பர் ஓக் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். எங்கள் மரத்தை வெட்டிவிடச் சொல்லி மெக்கானிக் ஒரு ஆளின் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார். நான் கூப்பிடப் போவதில்லை.