தம்பியை அழைத்துப்போன புறநோயாளிப் பிரிவு

தம்பிக்கு இருமுனை மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்) என்று தெரிந்த மாதமே வேலூரில் ஒரு மனநலப் புறநோயாளிப் பிரிவில் சேர்த்தோம். மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு விடவில்லை. வாராவாரம் குழுவாக உட்காரவைத்து, தூக்கம் குறைவது, பேச்சு வேகமெடுப்பது என்று முன்னறிகுறிகளைக் கவனிக்கச் சொல்லித்தந்தார்கள். அம்மாவும் கூடவே இருந்தார். டென்மார்க்கில் 158 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்விலும், தொடக்கத்திலேயே மருந்தோடு இப்படிக் குழுப்பயிற்சியும் பெற்றவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேர்வது குறைந்தது.

தம்பிக்குத் தந்த மாத்திரை லித்தியம், மனநிலையைச் சீராக வைப்பது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனை, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. நர்ஸ் அதைச் சீட்டின் பின்னால் சிவப்பு மையில் எழுதித் தந்தார். அப்புறம், நம்ம ஊர் வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறிவிடும் என்றும் எச்சரித்தார். தம்பி இப்போது தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. காத்திருப்பு மட்டும் மூன்று மணி நேரம். காலை ஏழுக்கே போய்விடுங்கள்.