முதுகிலா, மூக்கிலா, வயிற்றிலா: ராக்கெட்டில் கிளைடர் ஏற்ற மூன்று வழிகள்

மாடல் ராக்கெட் ஐந்தாறு முறை ஏவியவருக்குப் பாராசூட் அலுத்துப்போகும். சர்ரென்று ஏறும், உச்சியில் ‘டப்’ என்று ஒரு சத்தம், பாராசூட் விரியும், காற்று இழுத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு மரத்தில் மாட்டிவிடும். அப்புறம்தான் கிளைடர் ஆசை பிடிக்கிறது: ராக்கெட்டாக ஏறியது எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானமாக இறங்க வேண்டும். அதற்கு முக்கியமாக மூன்று வழி. முழு ராக்கெட்டின் முதுகில் கிளைடரைச் சவாரி ஏற்றுவது ஒன்று. ராக்கெட்டையே ஒரு சின்னக் குழலாகச் சுருக்கி கிளைடரின் மூக்கில் மாட்டுவது இன்னொன்று. இறக்கையை மடக்கி ராக்கெட்டின் வயிற்றுக்குள் அடைத்து அனுப்புவது மூன்றாவது. மூன்றையும் கட்டினேன், மூன்றிலும் உடைத்தேன். (நான் பறக்கவிடுவது அமெரிக்காவில், சின்ன மோட்டார்கள் இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும்.)

எதற்காக இத்தனை வழி என்று கேட்டால், அடிப்படையில் ஒரு சண்டை இருக்கிறது. பால்சா என்ற லேசான மரத்தில் செய்த கிளைடர் ஒன்று நிதானமாக மிதக்கும்போது வேகம் நொடிக்கு 5 மீட்டர் அளவில் இருக்கும். மோட்டார் தள்ளும்போது அதே இறக்கை நொடிக்கு 30 மீட்டரில் போகிறது. வேகம் ஆறு மடங்கு, ஆனால் இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 36 மடங்கு. மெல்ல மூக்கைத் தூக்கி மிதக்கும்படி சரிசெய்த கிளைடர், இந்த வேகத்தில் அப்படியே குட்டிக்கரணம் போட்டுத் தரையில் குத்தும். மேலே போகும்வரை இறக்கையின் வாயை அடைக்க வேண்டும், உச்சியில் திறந்துவிட வேண்டும். மூன்று வழியும் அதற்கான மூன்று தந்திரம்தான்.

முதுகுச் சவாரியில் கனமான ராக்கெட்டும் அதன் பெரிய வால் துடுப்புகளும் கிளைடரை அடக்கிவைக்கின்றன. மாடல் ராக்கெட் தயாரிக்கும் எஸ்டஸ் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட் இந்த வகையில் பெயர்பெற்றது. ராக்கெட் பாராசூட்டில் இறங்கும், முதுகிலிருந்த குட்டி கிளைடர் தனியாக மிதந்து வரும். பார்க்க இதைவிட அழகான ஏவுதல் கிடையாது, அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் இறக்கை எதுவும் முன்பக்கம் இருந்தால், காற்றின் விசை மொத்தமும் குவிகிற இடமான காற்றழுத்த மையம் முன்னே நகர்ந்துவிடும். அது ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் குழலின் ஒரு விட்டம் அளவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ராக்கெட் தலைசுற்றும். 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஆர்எல்வி-டிடி என்ற மறுபயன்பாட்டுச் சோதனை வாகனத்தின் படத்தைப் பாருங்கள்: உச்சியில் இறக்கை வைத்த வாகனம், அதற்கு ஈடாக அடியில் பூஸ்டருக்கு அத்தனை பெரிய துடுப்புகள். கொல்லைப்புற ராக்கெட்டுக்கும் அதே கணக்குதான். போதாததற்கு இழுவை ஒரு பக்கமாகவே இருப்பதால் ராக்கெட் நேரே ஏறாமல் வில்லாக வளைகிறது. மோட்டாரையும் கிளைடரையும் மாட்டிய நிலையில், ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்காமல் இதை ஏவவே கூடாது.

கிளைடர் கழன்றுகொள்ளும் விதம் எளிமையானது. எஜெக்‌ஷன் சார்ஜ் (பாராசூட்டை வெளியே தள்ள மோட்டாருக்குள் இருக்கும் வெடிமருந்து) வெடித்து மூக்குக்கூம்பை முன்னே தள்ளும்போது ராக்கெட்டின் உடல் பின்னால் உதைபடுகிறது, கிளைடர் கொக்கியிலிருந்து முன்பக்கமாக நழுவுகிறது. நழுவ வேண்டும். என்னுடையது முதல் தடவை நழுவவில்லை. பெயின்ட் நன்றாக இருக்கட்டும் என்று இரண்டு பூச்சுப் பூசியிருந்தேன், கொக்கியும் சேர்ந்து தடித்துவிட்டது, கிளைடர் அம்மாவை விடாத குழந்தைமாதிரி பாராசூட்டோடு இறங்கி வந்தது. உப்புத்தாள் போட்டு பெயின்டைச் சுரண்டி, பென்சில் கரியைத் தேய்த்த பிறகு ஒழுங்காகக் கழன்றது. கழன்று என்ன பயன்? 16 செ.மீ. இறக்கை, C6-3 மோட்டார் போட்டும் மொத்தச் சுமையால் உயரம் குறைவு, சீக்கிரமே புல்லில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மிதக்கும் நேரம்தான் முக்கியம் என்றால் மூக்கில் மாட்டுவதற்குத்தான் என் ஓட்டு. ஆங்கிலத்தில் இதற்கு பாப்-பாட் என்று பெயர், 1960-களிலிருந்தே இருக்கிற யோசனை. மோட்டார், ஒரு துண்டுக் குழல், மூக்குக்கூம்பு, உள்ளே பாராசூட்டுக்குப் பதில் ஒரு ஸ்ட்ரீமர் நாடா, அவ்வளவுதான் ராக்கெட். அது கிளைடரின் முன்பக்கம் ஒரு சின்னத் தூணில் கொக்கிபோட்டு நிற்கும். மோட்டாரின் எடை மூக்கில் இருப்பதால் ஈர்ப்பு மையம் வெகுதூரம் முன்னே போய்விடுகிறது, தள்ளுவிசை இறக்கைக்கு மேலே இருப்பதால் மூக்கைக் கீழே அழுத்துகிறது, இரண்டும் சேர்ந்து அந்தக் குட்டிக்கரணத்தைத் தடுக்கின்றன. உச்சியில் சார்ஜ் வெடித்ததும் அந்தக் குட்டி ராக்கெட், அதாவது பாட், பின்னால் உதைபட்டுக் கழன்று விழ, எடை போன கிளைடர் ஒரு தடவை தலையாட்டிவிட்டுத் தானாக மிதக்க ஆரம்பிக்கும். பொழுது சாயும் நேரத்தில், காற்று அடங்கியபின், அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்காகவே எத்தனை பால்சாவை வேண்டுமானாலும் இழைக்கலாம்.

இதிலும் வில்லங்கம் உண்டு. கழன்ற பாட்டின் ஸ்ட்ரீமர் சில சமயம் கிளைடரின் வாலில் சுற்றிக்கொண்டு இரண்டும் ஒன்றாகச் சுழன்று விழும். இந்த வட்டாரத்தில் அதை ‘ரெட் பேரன்’ என்பார்கள். யாருடைய பேரனும் இல்லை, முதல் உலகப் போரில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய ஜெர்மன் விமானியின் பட்டப்பெயர். முழுதாகத் தவிர்க்க வழியில்லை, குறைக்கலாம். மாடலை மூக்கு மேலே இருக்கப் பிடித்தால் பாட் தன் எடையிலேயே நழுவி விழ வேண்டும், விழவில்லையா, கொக்கியை இன்னும் தேயுங்கள்.

மோட்டார் தேர்வு இங்கே ரொம்பவே கவனிக்க வேண்டியது. B6-4 என்றால் B என்பது மொத்த உந்தின் வகுப்பு, 6 என்பது நியூட்டனில் சராசரித் தள்ளுவிசை, கடைசி 4 என்பது எரிந்து முடிந்தபின் சார்ஜ் வெடிக்கும்வரை உள்ள நொடிகள். மெலிந்த ராக்கெட்டுக்கு நாலு நொடி சரி. இறக்கை விரித்து ஏறுவது சீக்கிரமே வேகம் இழந்துவிடும், நாலு நொடிக்குள் அது தலைகுப்புறக் கீழே பாய்ந்துகொண்டிருக்கும், அந்த வேகத்தில் பாட் கழன்றால் இறக்கை கைதட்டிவிட்டு உடைந்துபோகும். அதனால் கடைசி எண் 2 அல்லது 3 உள்ளதையே வாங்குங்கள். முதல் தடவைக்கு A8-3 போதும். மைதான அளவும் அதற்கேற்ப: அமெரிக்க ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி A-க்குக் குறைந்தது 30 மீட்டர், B-க்கு 60, C-க்கு 120. கிளைடருக்கு இதைவிடத் தாராளமாகவே வேண்டும், அது சொன்ன பக்கம் போகாது.

ஏவுவதற்கு முன் கையால் எறிந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் முன்னே கொஞ்சம் களிமண், நேரே குத்தினால் அதை எடுத்துவிடலாம் அல்லது வாலின் பின்விளிம்பை வாயால் ஊதிச் சூடாக்கி ஒரு மயிரிழை மேலே வளைக்கலாம். பெரிய வட்டமாகத் திரும்பும்படி விடுவது நல்லது, நேரே போனால் துரத்திக்கொண்டு ஓட வேண்டியது நீங்கள்தான்.

வயிற்றுக்குள் அடைக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெரிய வெற்றி கிடையாது. கொள்கையளவில் இதுதான் உத்தமம்: இறக்கை மடிந்து குழலுக்குள் இருப்பதால் தூக்குவிசையே இல்லை, ராக்கெட் அம்புபோல நேரே போகும், உயரமும் அதிகம். ஆனால் கீல், ரப்பர் பேண்டு, இறக்கை விரிந்து நிற்க ஒரு தடுப்பு, சார்ஜின் சூடு படாமல் நடுவில் அடைப்பு என்று வேலை ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு அடைப்புத்தாள் போதவில்லை, ஒரு ரப்பர் பேண்டு கருகி அறுந்தது, ஒற்றை இறக்கை மட்டும் விரிந்து முருங்கை விதைமாதிரி சுழன்றுகொண்டே வந்தது. மெல்லத்தான் இறங்கியது, அதைக் கிளைடர் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

ஆக, சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள், ஏவும்போது கைதட்டல் வேண்டும் என்றால் முதுகுச் சவாரி, கிளைடர் சொதப்பினாலும் ராக்கெட் பாராசூட்டில் பத்திரமாக வந்துவிடும். ஒரு நிமிடம் மிதக்கவைக்க வேண்டும் என்று வெறி பிடித்தவர்களுக்கு பாப்-பாட். போன வசந்தத்தில் என் பாப்-பாட் கிளைடர் ஒரு வெப்பக் காற்றில் மாட்டி, வட்டம் போட்டபடியே ஏறி, புள்ளியாகிக் காணாமல் போனது. கண்டெடுப்பவர் கூப்பிடட்டும் என்று இறக்கையில் தொலைபேசி எண் எழுதியிருந்தேன், பென்சிலால். அன்று ராத்திரியே மழை பெய்தது.